ங்க போடாத சாமி

என் மகளுக்கு வந்த முதல் இரண்டு சம்பந்தங்களும் ஜாதகப் பொருத்தம் இல்லாமல் தட்டிப்போகவில்லை. என் வயிற்றுப் பொருத்தம் இல்லாமல் தட்டிப்போயின.

முதல் இடத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தால்தான் இலை போடுவோம் என்று இரண்டு மணி வரை உட்காரவைத்தார்கள். "உங்க மாமன் வாரானா, இல்ல வழியிலயே செத்துப்போயிட்டானா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டாவது இடத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் குடும்ப ஆல்பம் காட்டினார்கள். ஒன்றல்ல, நாலு. மூன்றாவது ஆல்பம் புரளும்போது, "காலேஜ்லயே சொட்டை வுழுந்திருச்சாட்ட இருக்குது?" என்றேன். மாப்பிள்ளை எனக்கு எதிரில்தான் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் திமிரில் பேசியதல்ல, பசியில் பேசியது. நான் திருமூர்த்தி. பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயது. எட்டரைக்கு இட்லி, பதினொன்றுக்கு டீயும் வடையும், ஒன்றுக்குச் சோறு, நாலுக்கு ஏதாவது, எட்டுக்குத் தோசை. இதில் ஒன்று அரை மணி தள்ளிப்போனால் முதலில் காதுக்குப் பின்னால் வேர்க்கும். அப்புறம் விரல் நுனி நடுங்கும், கெண்டைக்கால் துவளும், கண்ணில் பூச்சி பறக்கும். அதற்கும் மேல் தள்ளிப்போனால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன். மயங்கி விழுந்தாலும் பரவாயில்லை என்பாள் என் மனைவி ரங்கநாயகி. விழுந்தவன் பேசமாட்டானாம்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. மூன்று தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. "உங்களுக்குச் சுகர் இல்லீங்க. சில பேருக்கு ஒடம்பு வாகு இப்படித்தான். நேரத்துக்குச் சாப்பிட்டுருங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. சுகர் என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. "அவருக்குச் சுகருங்க, முதப் பந்தியில உக்கார வெய்யுங்க" என்று நாலு பேர் வழிவிடுவார்கள். வெறும் பசி தாங்காதவனுக்கு எவன் வழிவிடுவான்? சின்னப்பிள்ளையா நீ என்று சிரிப்பார்கள்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்குப் பதினொன்றாவதாக 'ங்க'வும் பறந்துபோகும். எங்கள் பக்கத்தில் அது லேசுப்பட்ட விஷயமில்லை. நாங்கள் நாயை விரட்டினாலும் 'அக்கட்டால போங்க' என்று விரட்டுகிற ஜனம். திட்டுவதென்றால்கூட 'ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?' என்றுதான் திட்டுவோம். அப்படிப்பட்ட ஊரில் சம்பந்தி ஆகப்போகிறவரிடம் 'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் பேசினால் போதும், தாம்பூலத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

மூன்றாவதாக வந்தது பல்லடத்து இடம். வந்தது என்பதைவிட, என் மகள் நித்யஸ்ரீ கொண்டுவந்தது. சரவணம்பட்டியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில்தான் அந்தப் பையன் கிருபாசங்கரும் இருக்கிறான். இரண்டு வருடப் பழக்கம். எங்கள் அதிர்ஷ்டம், ஜாதகமும் கூடிவந்துவிட்டது.

"அப்பா, எனக்கு இருபத்தொம்பது ஆச்சு. முந்தின ரெண்டு எடமும் போனப்ப நான் ஒரு வார்த்தை சொன்னனா? எனக்கே அவங்களப் புடிக்கலை, சும்மா இருந்துட்டேன். ஆனா எனக்குச் சங்கரப் புடிச்சிருக்குது. இது உங்க வாயால போச்சுன்னா அப்பறம் உங்ககூட நான் பேசவே மாட்டேன்" என்றாள்.

சொன்னால் சொன்னபடி செய்கிற பெண் அவள்.  வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன், இருந்தும் பயமாக இருந்தது.

பையனின் அப்பா கதிர்வேல் விசைத்தறி ஓட்டுகிறவர். அளந்து அளந்து பேசுகிற மனிதர். ஒரு நாள் போன் செய்தார்.

"ஏனுங்க, எங்க வழக்கத்துல கொலதெய்வத்துகிட்டப் பூ கேக்காம உறுதி வார்த்தை பேசறதில்லீங்க. ஞாயித்துக்கெழமை எங்க அம்மன் கோயலுக்கு நீங்களும் வந்துருங்க. பூ வுழுந்ததும் அங்கயே சாப்புட்டுப்போட்டு, நாள் குறிச்சுக்கலாமுங்க."

"ஆகட்டுமுங்க" என்றேன்.

"பூ வுழுகற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படக்கூடாதுங்க. ரெண்டு ஊட்டுக்காரருக்கும் வெரதம்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ரங்கநாயகியும் நித்யஸ்ரீயும் என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் காரில் கிளம்பினோம். நித்யஸ்ரீ என் சட்டைப் பையில் மூன்று கடலை மிட்டாய் வைத்தாள். "மயக்கம் வந்தா மட்டும், ஒவ்வொண்ணா, யாருக்கும் தெரியாம" என்றாள். சரி கண்ணு என்றேன். சூலூர் வருவதற்குள் மூன்றும் தீர்ந்துவிட்டன. மயக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். வந்துவிடுமோ என்ற பயம் வந்தது.

பல்லடம் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் கோயில். போய் இறங்கும்போது மணி ஏழே கால். பையனின் அம்மா நாச்சியம்மாள் தங்கமான மனுஷி. என் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துப்போனவர், கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, பிளாஸ்க்குல காப்பி இருக்குது. அவருக்குத் தெரியாம ஒரு வாய் குடிக்கறீங்களா?" என்றார்.

"ஐயோ, வேண்டாமுங்க."

"அரை டம்ளருங்க?"

"வேண்டாமுங்க. வெரதமுங்களே."

வழக்கம் என்ன? மூன்று தடவை கேட்க வேண்டும். இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதை, மூன்றாவது தடவை 'உங்க இஷ்டமுங்க' என்று டம்ளரை வாங்குவது முறை. அந்த மகராசி இரண்டோடு நிறுத்திவிட்டு, "உங்களுக்குத்தான் எவ்வளவு பக்திங்க!" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். என் மரியாதையைச் செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

பூ கேட்பது இப்படித்தான். அம்மனுக்கு அபிஷேகம் முடித்து, வலது தோளில் ஒரு அரளிப் பூவும் இடது தோளில் ஒரு அரளிப் பூவும் சந்தனம் தொட்டு ஒட்டி வைப்பார்கள். வலது பூ முதலில் விழுந்தால் அம்மனுக்குச் சம்மதம். இடது விழுந்தால் கும்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எட்டு மணிக்குப் பூசாரி பூவை ஒட்டினார். இரண்டு வீட்டு ஜனமும் சேர்ந்து முப்பது பேர், கைகூப்பி நின்றோம்.

ஒன்பது ஆயிற்று. பூ அசையவில்லை. பத்து ஆயிற்று. சந்தனத்தைக் குழைத்தபோதே நான் பார்த்தேன், பூசாரி கொஞ்சம் தாராளமாகத்தான் அப்பியிருந்தார். எங்கள் பட்டறையில் விரிசல்விட்ட பம்புக்குப் பூசுகிற பசைகூட அந்தப் பிடி பிடிக்காது. இதைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். ரங்கநாயகி என் முழங்கையைக் கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

இன்னொரு எண்ணமும் வந்தது. விரதம் என்று சொல்லியும் மூன்று கடலை மிட்டாயை விழுங்கிவிட்டு வந்து நிற்கிறேனே, அம்மன் அதைப் பார்த்துத்தான் பூவைப் பிடித்துவைத்திருக்கிறாளோ? என் பல்லிடுக்கில் ஒரு கடலைத் துணுக்கு இன்னும் இருந்தது. பாவத்தோடு பாவம் என்று அதையும் நாக்கால் நெம்பித் தின்றுவிட்டேன்.

பத்தரைக்கு, கோயிலுக்குப் பின்னால் சமையல்காரர் அரிசி பருப்புச் சோற்றுக்குத் தாளித்தார். சின்ன வெங்காயம், பூண்டு, நெய். காற்று அந்த வாசனையை அள்ளிக்கொண்டு வேறெங்கும் போகாமல் நேராக என்னிடம் வந்தது. காதுக்குப் பின்னால் வேர்த்தது. விரல் நடுங்கியது. கூப்பிய கையை இறுக்கிப் பிடித்தேன், முழங்கை நடுங்கியது. முழங்கையை விலாவோடு ஒட்டினேன், ஆளே நடுங்கினேன். கண்ணில் பறந்த பூச்சிகளில் அம்மன் முகமே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதிர்வேல் என் பக்கம் திரும்பி, "இன்னியொரு மணி நேரம் பாக்கலாமுங்க. இல்லாட்டி பொழுது சாயற வரைக்கும் நின்னுதான் பாக்கோணும்" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். ஆனால் முப்பது பேர் சாட்சி இருக்கிறார்கள். கை கால் வெடவெடவென்று ஆட, வேர்வை கொட்ட, கண் சொருக, கதிர்வேல் முகத்துக்கு நேராக விரலை நீட்டி நான் கத்தியிருக்கிறேன்.

"ஊட்டுக்கு வந்தவனுக்கு ஒரு வாய் சோறு போடாம நிக்க வெச்சே கொல்லறயேடா! நீயெல்லாம் ஒரு மனுசனாடா?"

 ரங்கநாயகி தலையில் கையை வைத்துக்கொண்டாள். சரி, மூன்றாவதும் போயிற்று என்று எனக்கே அந்த மயக்கத்திலும் தெரிந்தது.

அப்போதுதான் பூசாரி ஓடிவந்தார். "ஆத்தா வந்துட்டா! ஆத்தா எறங்கிட்டா!" என்று என் நெற்றியில் ஒரு கை திருநீறை அப்பினார்.

யோசித்துப் பாருங்கள், அந்த ஜனத்தின் மேல் தப்பில்லை. வேர்வையும் நடுக்கமுமாக ஒருவன். பெண்ணைக் கொடுக்க வந்தவன். அவன் மாப்பிள்ளையின் அப்பாவை 'டா' போடுகிறான். எங்கள் நாட்டில் 'ங்க' போடாமல் அப்படி ஒரு பேச்சைப் பேச சாமிக்கு மட்டும்தான் உரிமை உண்டு. மனுஷனாக இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கையில் ஒரு கொத்து வேப்பிலையைத் திணித்தார்கள். அதில் நாலைந்து இலையை நான் தின்றுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

"ஆத்தா, என்ன கொறைன்னு சொல்லு! பூ ஏன் வுழுகலை?" என்றார் பூசாரி.

"சோறு" என்றேன். "சோறு."

என் மகள் ஒருத்திக்குத்தான் விஷயம் புரிந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவள், "ஆத்தாவுக்குத் தாகமா இருக்குதுங்க! பானக்கம் குடுங்க! வெல்லம் நல்லாப் போட்டு ரெண்டு சொம்பு!" என்று கத்தினாள். கொண்டுவந்தார்கள். இரண்டு சொம்பும் மூச்சுவிடாமல் குடித்தேன். ஆத்தாவுக்குத்தான் எவ்வளவு தாகம் என்று ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் நடுக்கம் அடங்கியது. "ஆத்தா மலையேறிட்டா" என்றார் பூசாரி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கதிர்வேல் என் காலடியில் குப்புற விழுந்து கிடக்கிறார். அந்த அளந்து பேசுகிற மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்.

"தப்புத்தான் ஆத்தா! வந்தவளுக்குச் சோறு போடாம அனுப்பிச்சது தப்புத்தான்! மாசாணி மூணு பந்தி நின்னுபோட்டுத்தான் போனா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாச்சியம்மாள்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மனைவியிடம் சொன்னார். மாசாணியம்மாள், கதிர்வேலின் ஒரே தங்கை. ஆறு வருடத்துக்கு முன்னால் இவர்கள் புது வீடு புகுந்தபோது வந்திருக்கிறார். முதல் பந்தியில் தறிக்காரர்கள், பெரிய மனிதர்கள். "நீ நம்ம ஊட்டு ஆளு, அடுத்த பந்தியில உக்காரு" என்று அண்ணன் சொன்னார். அடுத்த பந்தியிலும் அதே. மூன்றாவதிலும் அதே. நாலாவது பந்திக்குத் தேடினால் ஆளில்லை. 'ரோசக்காரி, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா' என்று ஊர் பேசியது. 'போனாப் போகட்டும்' என்றார் அண்ணன். ஆறு வருடம் பேச்சில்லை. இன்றைக்கும் கூப்பிடவில்லை.

நான் சொன்னது 'வந்தவனுக்கு'. நாக்கு வறண்டு குழறியதில் நடு எழுத்து எங்கோ விழுந்துவிட்டது. கதிர்வேல் காதில் அது 'வந்தவளுக்கு' என்று போய் விழுந்திருக்கிறது.

எழுந்த கதிர்வேல், "சங்கரு, உங்கத்தைக்குப் போன் போடு. ஆத்தா கூப்புட்டான்னு சொல்லு" என்றார். பையன் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்து, "வாரேங்கறாங்கப்பா" என்றான். கதிர்வேல் முப்பது பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவ வந்து எலையில கை வெக்கற வரைக்கும் இங்க ஒருத்தரும் சாப்புடக்கூடாதுங்க. ஆத்தா வாக்கு."

நான் மெல்லக் கேட்டேன். "தங்கச்சி எந்த ஊருங்க?"

"தொண்டாமுத்தூருங்க."

தொண்டாமுத்தூர்! பொங்கலூரில் ஒரு தங்கை இருக்கக்கூடாதா? பல்லடத்திலேயே, அடுத்த தெருவில், வாக்கப்பட்டிருக்கக்கூடாதா? கோயமுத்தூரைக் குறுக்கே கடந்து, மலையடிவாரத்திலிருந்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. என் சோற்றுக்கு நானே வாக்குச் சொல்லி நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

காரில் போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த நித்யஸ்ரீ கதவைச் சாத்திவிட்டு, "அப்பா, நெஜத்தச் சொல்லுங்க. அது சாமியா, நீங்களா?" என்றாள்.

"எனக்கே தெரீல கண்ணு."

"நீங்கதான். போன வருசம் உங்க பிரண்டு மக ரிசப்சன்ல பாயசம் தீந்துபோச்சுன்னு சொன்னவர்கிட்ட 'நீயெல்லாம் ஒரு மனுசனாடா'ன்னீங்க. அதே ராகம்."

ரங்கநாயகி முன் சீட்டிலிருந்து திரும்பினாள். "யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். சாமின்னே இருக்கட்டுமுங்க. வாயத் தொறந்தீங்க, அவ்வளவுதான். சாமி திட்டுனா சம்பந்தம் நிக்கும். நீங்க திட்டுனா நிக்குமா?"

சரி என்றேன். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் சாமி ஆகிவிட்டால் சும்மா உட்கார விடுவார்களா? ஒருவர் கார் கண்ணாடியைத் தட்டி, தன் தோட்டத்தில் போர் போட்டால் தண்ணீர் வருமா என்று கேட்டார். எனக்குத் தெரியாதுங்க என்றேன். மலையேறின பிறகு சாமிக்கு ஞாபகம் இருக்காது என்று தலையாட்டிக்கொண்டு போனார்.

பானக்கம் ஏற்றின வேகத்திலேயே இறக்கியும் விட்டது. ஒரு மணிக்கெல்லாம் மறுபடி காதுக்குப் பின்னால் வேர்க்க ஆரம்பித்தது. ஒன்றே முக்காலுக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து தோப்போரமாக நின்றது.

மாசாணியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயதிருக்கும். இறங்கி வந்து, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, அண்ணனிடமிருந்து பத்தடி தள்ளியே நின்றார்.

"வரச் சொன்னீங்களாமுங்க?" என்றார்.

"அய்யோ, அண்ணனும் தங்கச்சியும் வா போன்னு பேசிக்கறவங்க. 'ங்க' போடறா பாருங்க" என்று நாச்சியம்மாள் என் மனைவி காதில் சொன்னது எனக்கும் கேட்டது. கதிர்வேலுக்கு முகம் செத்துவிட்டது.

"வா மாசாணி. மொதல்ல வந்து சாப்புடு."

"ஆச்சுங்க. இப்பத்தான் சாப்புட்டு வாரேன்."

பொய். அந்தப் பொய்யை என்னைவிட யார் அறிவார்? அந்த அம்மாவின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்த விரல்கள் நடுங்கின. அது கோபத்து நடுக்கம் இல்லை. முப்பது வருடமாக என் கையில் நான் பார்த்துவருகிற நடுக்கம் அது. எனக்குச் சுரீர் என்றது. மூன்று பந்தி நின்றவர் ரோசத்தில் போகவில்லை. நிற்க முடியாமல் போயிருக்கிறார்.

மாசாணியம்மாள் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, உங்க மேலதான் ஆத்தா எறங்குனாளாமா? கட்டிக் குடுத்த புள்ளைய பொறந்த ஊட்டுச் சாமி கூப்புடாதும்பாங்க. நெஜமாவே என்னையச் சொன்னாளுங்களா?"

ரங்கநாயகி கிள்ளிய கிள்ளில் என் முழங்கைத் தோல் கையோடு வந்திருக்கும். நித்யஸ்ரீ என்னையே பார்த்தாள். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மா உட்காருவார், இலை விழும், நாள் குறிப்பார்கள், என் மகள் என்னோடு பேசுவாள். பொய் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் வயிறு காலியாக இருக்கும்போது எனக்குப் பொய் வருவதில்லை. அதோடு, கட்டிக் கொடுத்த பிள்ளை என்று அவர் சொன்னபோது நித்யஸ்ரீ முகம்தான் என் கண்ணில் நின்றது. நாளைக்கு இவளும் எங்காவது பத்தடி தள்ளி நின்று, சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வாளோ என்று நினைத்தேன்.

"இல்லீங்க அம்மணி" என்றேன். "சாமியெல்லாம் இல்லீங்க. நாந்தானுங்க. எனக்குப் பசி தாங்காதுங்க, கை காலெல்லாம் நடுங்கி, வாயில வந்ததப் பேசிப்போடுவேன். 'வந்தவனுக்குச் சோறு போடலை'ன்னுதான் சொன்னனுங்க. வந்தவன் நாந்தானுங்க."

 நித்யஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். பூசாரி கையிலிருந்த திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். கதிர்வேல் என்னை நிமிர்ந்து பார்த்தார், அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டு நின்றேன். போச்சு. மூன்றாவதும் போச்சு. ஊரிலேயே உண்மை விளம்பி என்று எனக்குக் கல்வெட்டு வைக்கலாம்.

 மாசாணியம்மாள் அண்ணனைப் பார்த்தார்.

"அவரு 'வந்தவனுக்கு'ன்னுதான் சொன்னாராமா. உனக்கு 'வந்தவளுக்கு'ன்னு கேட்டுச்சா?"

கதிர்வேல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ சாமிக்குப் பயந்துட்டுக் கூப்புட்டயின்னு நெனச்சுத்தான் வந்தேன். ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமத் திரும்பிப் போயிரோணும்னுதான் வந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சாமி ஒண்ணுமே சொல்லலீன்னா, நீயாத்தான என்னைய நெனச்சிருக்கற?"

"ஆறு வருசமா நெனைக்காத நாளில்லை மாசாணி" என்றார் கதிர்வேல். "ரோசத்துல போயிட்டயே புள்ள."

"என்ன ரோசம்? இவருக்காட்டத்தான் எனக்கும். கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. உன்ற புது ஊட்டுல மயங்கி வுழுந்தா அபசகுனம்னு பேசுவாங்களேன்னு எந்திரிச்சுப் போனேன். பல்லடம் பஸ் ஸ்டாண்டுல நின்னு ரெண்டு பன்னு வாங்கித் தின்னேன்."

கதிர்வேல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். பன் என்ற வார்த்தையில்தான் அவர் உடைந்துபோனார். எனக்கும் தாங்கவில்லை. எனக்குப் பசியில் வந்த அழுகையும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

மாசாணியம்மாள் அந்தப் பத்தடியையும் நடந்து வந்து அண்ணன் கையைப் பிடித்தார். "அழுகாத. எலையப் போடச் சொல்லு. நீயும் எம் பக்கத்துல உக்காரு. எனக்குக் கையெல்லாம் நடுங்குது, அண்ணா."

பந்திப்பாய் விரித்தார்கள். நான் ஓரமாக நின்றேன். எந்த முகத்தோடு போய் உட்காருவது? கதிர்வேல் தங்கையை உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அப்ப அந்த 'மனுசனாடா'வும் நீங்க சொன்னதுதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன். "மன்னிச்சுக்கோங்க."

அவர் துண்டால் மூக்கைத் துடைத்தார். "கேக்க வேண்டிய கேள்விதானுங்க. ஆனா அடுத்த தடவை காலையிலயே இட்லி கேட்டு வாங்கித் தின்னுருங்க. வாங்க சம்பந்தி, வந்து மொதப் பந்தியில உக்காருங்க."

சம்பந்தி என்றார். அதுவரை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிட்டவர். நித்யஸ்ரீ தூணுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். பூசாரிக்குத்தான் குழப்பம். "ஏனுங்க, பூ இன்னும் வுழுகலீங்களே?" என்றார்.

"வுழுகறப்ப வுழுகட்டும். நீங்களும் வந்து உக்காருங்க" என்றார் கதிர்வேல்.

மாசாணியம்மாள் முதல் கவளத்தை வாயில் வைத்தார். அதற்கடுத்த நொடி என் கவளம். அரிசி பருப்புச் சோற்றுக்கு இத்தனை ருசி உண்டென்று எனக்கு ஐம்பத்தெட்டு வருடமாகத் தெரியாது. பாதிச் சாப்பாட்டில் கருவறைப் பக்கமிருந்து யாரோ, "பூ வுழுந்துருச்சுங்க!" என்று கத்தினார்கள். எந்தப் பக்கம் என்று கேட்க ரங்கநாயகி வாயெடுத்தாள். "அம்மா, பேசாமச் சாப்புடு" என்றாள் நித்யஸ்ரீ. கதிர்வேல் தங்கையின் இலையில் நெய் ஊற்றிக்கொண்டிருந்தார், திரும்பியே பார்க்கவில்லை. நாச்சியம்மாள் சோற்று வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்று, "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்றார். முதல் தடவையிலேயே, "வெய்யுங்க" என்றேன்.